குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: சுங்கை சிப்புட்டிலிருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் டவுனைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரக் (ரப்பர்) காடு. இன்று பாதி செம்பனை, மீதி வீடமைப்புத் திட்டம். நான் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவன், அப்பா கிராணி (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) வேலை பார்த்தார். எங்கள் ஆட்கள் யார், தமிழ்நாட்டில் எந்த ஊர், எப்போது கப்பல் ஏறினார்கள் என்று பதினைந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது வெளியே தெரிந்துபோனதால் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

எங்கே தொடங்குவது? நேராகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா?

இப்போது வேண்டாம். முதலில் அலமாரி மேல் இருக்கும் தகரப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். எங்கள் வீடுகளில் தாள் எதையும் எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள். பழைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை எல்லாம் அதில் கிடக்கும். இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) 1951இல் தொடங்கியது. அந்தக் கணக்குத் தாளில் எந்தத் தோட்டம் பணம் கட்டியது என்று இருக்கும். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் வந்தது, 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இவற்றின் உறுப்பினர் அட்டை கிடைத்தால் ஆள் எந்த வருஷம் எங்கே வேலை செய்தார் என்பதற்கு நல்ல சாட்சி. (துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர், 1919இல் இங்கேதான் பிறந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் விட மாட்டோம்.)

ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, கடைக்காரர் கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், வீட்டில் வயதில் மூத்தவர் யார் என்று பாருங்கள். பெட்டி அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

பாட்டியிடம் எதைக் கேட்டாலும் "எனக்கு என்னாத்த தெரியும்" என்கிறார். என்ன செய்வது?

கேள்வியை மாற்ற வேண்டும். "உங்கள் தாத்தா பெயர் என்ன, எந்த வருஷம் வந்தார்" என்று கேட்டால் அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. "லயத்தில் உங்கள் வீடு எத்தனையாவது? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து லயத்தை வரையச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான உத்தி வேறு இல்லை. முதல் வீடு, இரண்டாவது வீடு, தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை (பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்), பெரட்டுக் களம் (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம்) என்று கோடு போகப் போக ஆட்கள் தாமாக எழுந்து வருவார்கள். "மூணாவது வீட்டுல எங்க சின்னாயி, அவங்களுக்கு ரெண்டு பொண்ணு, மூத்தவள பந்திங்குக்குக் கட்டிக் குடுத்தாங்க" என்று, நீங்கள் பத்துக் கேள்வி கேட்டும் வராத சங்கதி ஒரே மூச்சில் வரும்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள். நிரையில் (ஒருவர் பால் வெட்டும் வரிசையில்) எத்தனை மரம், எத்தனை மணிக்குப் பெரட்டு, மங்கு (பால் வடியும் கிண்ணம்) கழுவியது யார், ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய பால்) பொறுக்கப் போனது யார். கை வேலையை நினைக்கும்போது கூட வேலை செய்தவர்களும் நினைவுக்கு வருவார்கள்.

பெண்களிடம் கேட்காமல் விடாதீர்கள். நம் ஆண்கள் துரை (தோட்ட நிர்வாகி) பெயரையும் சம்பளத்தையும் சொல்வார்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் தவறிப்போனது, யாருக்கு யார் சீர் செய்தார்கள் என்பதெல்லாம் பெண்கள் தலையில்தான் இருக்கிறது. நான் முதல் நான்கு வருஷம் மாமா சித்தப்பாக்களையே சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தையிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் அதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுபடியும் போங்கள். இரண்டாவது தடவை "அன்னைக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவராகவே தொடங்குவார்.

பாட்டி வருஷக் கணக்கே சொல்வதில்லை. "சப்பான்காரன் காலம்", "தாது வருஷம்" என்கிறார். எப்படிக் கணக்கிடுவது?

அதுவும் வருஷக் கணக்குதான், நமக்குப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இடது பக்கம் ஊர் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேராக்கைப் புரட்டிப்போட்ட பெரிய வெள்ளம் 1926 கடைசியில். ஜப்பானியர் வந்தது 1941 டிசம்பர், போனது 1945. எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16. அதிலிருந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம், 1960 வரை. மெர்டேகா (சுதந்திரம்) 1957. "எனக்குக் கல்யாணம் ஆகி மறு வருஷம் ஊரடங்கு வந்துச்சு" என்று பாட்டி சொன்னால் இப்போது உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

தமிழ் வருஷப் பெயரில் ஒரு கண்ணி உண்டு. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். தாது என்றால் 1936 ஏப்ரலில் தொடங்கிய வருஷமாக இருக்கலாம், அதற்கு முந்தைய தாதுவான 1876ஆகவும் இருக்கலாம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் வாயில் வருவது 1876இல் தொடங்கியது. பாட்டி அதைச் சொன்னால் அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, அவர் பாட்டி சொன்னதைச் சொல்கிறார். ஜாதகத்தில் பிரபவ என்று இருந்தால் 1927-28, சித்திரபானு என்றால் 1942-43. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனிப் பிறப்புகளுக்கு ஆங்கில வருஷத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியர் காலத்துத் தாளில் 2602, 2603 என்று வருஷம் போட்டிருந்தால் திகைக்காதீர்கள். அது அவர்களுடைய பேரரசுக் கணக்கு. 660ஐக் கழித்தால் 1942, 1943.

கொள்ளுத்தாத்தா 1915இல் ராஜுலா கப்பலில் வந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?

இரண்டில் ஒன்று தவறு. ராஜுலா கட்டப்பட்டதே 1926இல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியதால், நம் ஆட்களுக்குக் கப்பல் என்றாலே ராஜுலா என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலோடும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். 1985இல் தீப்பிடித்ததோடு சிதம்பரத்தின் ஓட்டம் நின்றது. 1915 சரியாக இருந்து கப்பல் பெயர் பின்னால் ஒட்டியிருக்கலாம். அல்லது தாத்தா ஊருக்குப் போய்த் திரும்பிய இரண்டாவது பயணம் ராஜுலாவில் நடந்திருக்கலாம். பல பேர் இரண்டு மூன்று தடவை போய் வந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் கப்பல் பயணிகள் பட்டியலில் பார்த்துவிடலாமே?

தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆள் ஆளாகப் பதிவு இருக்கிறது: பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, வயது. அதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் மலாயாவுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு முழுப் பட்டியலை நம்பிக் காத்திருக்காதீர்கள். சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை இங்கே 1910இல் முடிந்தது. அதற்கு முன்பே தொடங்கி அதற்குப் பிறகும் ஓடியது கங்காணி முறை. கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தக்காரன், பங்காளி, பக்கத்துத் தெரு என்று திரட்டி வருவார். வந்தவர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கிக் கப்பலேறி, பினாங்குக்கு வந்தவராக இருந்தால் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக ஒதுக்கி வைக்கப்பட்டு, பிறகு தோட்டத்துக்கு வருவார். 1938இல் இந்திய அரசு, பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் குடியேறுவதை நிறுத்தியது. 1910க்கு முன், 1910க்கும் 1938க்கும் இடையில், 1938க்குப் பின் என்ற மூன்று காலத்தில் உங்கள் ஆள் எதில் வருகிறார் என்று தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

ஊர் பெயர் "புதூர்" என்று மட்டும் தெரியும். எந்தப் புதூர்?

நானும் புதூர்தான். இதில் இரண்டு நாளும் ஒரு டாக்சிக் காசும் தொலைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அப்பா "புதுக்கோட்டை பக்கம்" என்று எப்போதோ சொன்னதை நம்பிப் போனேன். அங்கே புதூர் இருந்தது, ஒன்றல்ல, நாலு. நாலிலும் எங்களைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. திரும்பி வந்து ஒரு வருஷம் கழித்து, லயத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். அவருக்கு என் தாத்தாவைச் சரியாக நினைவில்லை. ஆனால் அவருடைய அப்பாவும் என் தாத்தாவும் ஒரே கங்காணியோடு வந்தவர்கள் என்று சொன்னார். தன் ஊர் முசிறிப் பக்கம் என்றும், கங்காணி பக்கத்து ஊர் என்றும் தெளிவாகச் சொன்னார். அந்த ஊருக்கு மூன்று மைலில் ஒரு புதூர் இருந்தது. அங்கேதான் எங்கள் பங்காளி வீடு.

உங்கள் ஆளின் தடம் அறுந்துபோனால் அவரோடு வந்த ஆட்களைத் தேடுங்கள். கங்காணி தன் சுற்று வட்டாரத்தில்தான் ஆள் பிடித்தார், பிடித்தவர்களை ஒரே லயத்தில் வைத்தார், அந்த லயத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், பிள்ளைக்கு மாமன் சீர் செய்தவர், கருமாதி பத்திரிகையின் அடியில் பெயர் போட்டிருக்கும் "பங்காளிகள்", இவர்களில் ஒருவர் வீட்டிலாவது ஊர் பெயர் முழுசாக இருக்கும். ஆகவே உங்கள் குடும்ப மரத்தை மட்டும் வரையாதீர்கள், லயம் முழுவதையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தாத்தா "தென்னாற்காடு ஜில்லா" என்றார். வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டமே இல்லையே?

தாத்தா சரியாகத்தான் சொன்னார். 1993இல் தென்னாற்காடு கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி தனியானது. வடாற்காடு 1989இல் வேலூர், திருவண்ணாமலை ஆனது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. நாமக்கல் 1997 வரை சேலத்தில் இருந்தது. பழைய ஜில்லா, பழைய தாலுகா இரண்டையும் எழுதிவிட்டுப் பக்கத்தில் இன்றைய பெயரைப் போடுங்கள். பழைய பெயரை அழித்துவிடாதீர்கள், ஆவணம் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கும். இங்கேயும் அதே கதைதான்: தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது, போர்ட் சுவெட்டன்ஹாம் இன்றைய போர்ட் கிள்ளான்.

ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

பெயரைச் சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதினவருக்குத் தமிழ் தெரியாது. லெட்சுமி என்ற ஒரு பெயரையே எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன், பதினொன்றில் விட்டுவிட்டேன். தேடும்போது உச்சரித்துப் பாருங்கள். ஒரு மலாய் குமாஸ்தா காதில் அது எப்படி விழுந்திருக்கும், ஒரு வெள்ளைக்கார டாக்டர் காதில் எப்படி விழுந்திருக்கும், ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி எப்படி எழுதியிருப்பார் என்று மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். ஏ, இ, யு எழுத்துகள் மாறும். இரட்டை எழுத்து ஒன்றாகும். கடைசி ஐகாரம் ஒய் ஆகும், ஐ ஆகும்.

வீட்டுப் பெயரும் ஐசி பெயரும் வேறாக இருப்பது சாதாரணம். பாப்பாத்தி, சின்னப்பொண்ணு, தம்பி என்று கூப்பிட்ட பெயரே பதிவாகிவிட்டவர்கள் உண்டு. இரண்டு தாளில் இருப்பவர் ஒரே ஆளா என்று பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தகப்பன் பெயர், தோட்டம், வயது மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஐசியில் இருக்கும் பிறந்த தேதியை நம்பலாமா?

1957க்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றால் பெரும்பாலும் நம்பலாம். அதற்கு முந்தியவர்களுக்குக் கவனம் வேண்டும். அடையாள அட்டை வந்தது 1948இல், அவசரகாலத்தில், படமும் பெருவிரல் ரேகையுமாக. வயது தெரியாதவர்களுக்கு ஆளைப் பார்த்து ஒரு வயதைப் போட்டார்கள். ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம்: 08 பேராக், 10 சிலாங்கூர், 02 கெடா. எங்கள் பெரியப்பா பேராக்கில் பிறந்தவர் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம், அவர் எண்ணில் 02 இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில், தாத்தா சுங்கை சிப்புட்டுக்கு வருவதற்கு முன் கெடாவில் ஒரு தோட்டத்தில் இருந்தது தெரிந்தது.

பிறப்பு, இறப்புப் பதிவின் நகலுக்குத் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கலாம். உறவு முறைக்கான தாளைக் கையோடு கொண்டு போங்கள். பொறுமையையும்தான்.

தோட்டத்து செக்ரோல் எங்கே கிடைக்கும்? தோட்டமே இப்போது இல்லையே.

செக்ரோலில் தினசரிப் பேரும் (வேலைக்கு வந்த நாள் கணக்கு) சம்பளமும் இருக்கும். கிடைத்தால் தங்கம், கிடைப்பது அபூர்வம். தோட்டங்கள் கைமாறிய கதையைப் பார்த்தால் காரணம் புரியும். ஐம்பது, அறுபதுகளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1981இல் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாயின. ஒவ்வொரு தடவை ஆபீஸ் மாறும்போதும் பழைய புத்தகங்களுக்கு இடமில்லாமல் போனது. எங்கள் தோட்டத்தில் அவற்றை எரித்தபோது அப்பா பக்கத்தில் நின்றிருக்கிறார். "புகை ரெண்டு நாள் இருந்துச்சு" என்பார், அதற்கு மேல் பேச மாட்டார்.

கம்பெனி மட்டத்துக் காகிதங்களில் சில இங்கிலாந்தில் இருக்கின்றன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (முன்பு லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம்) உள்ளன. அதில் உங்கள் தாத்தா பெயரை எதிர்பார்க்காதீர்கள், தோட்டம் எப்போது தொடங்கியது, யார் துரை என்ற பின்னணிக்கு உதவும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இந்தக் கட்டத்தில் போகலாம். தொழிலாளர் இலாகா, மாநில அரசுச் செயலகக் கோப்புகளைத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை வைத்துத் தேடுங்கள். நம்மவர்கள் கங்காணி பெயரிலும் துரை பெயரிலும் ஆற்றின் பெயரிலும் தோட்டத்தைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

செக்ரோல் இல்லை என்றால் வேறு எதில் எங்கள் ஆட்கள் பெயர் இருக்கும்?

பள்ளிக்கூடத்தில். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விட்ட நாள் எல்லாம் இருக்கும். ஒரு பிள்ளை நடுவில் விட்டுப் போயிருந்தால் குடும்பம் அந்த மாதம் தோட்டம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தோட்டப் பள்ளி டவுனுக்கு மாறியிருந்தால் பதிவேடும் கூடவே போயிருக்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். பரீட்சை நேரத்தில் போகாதீர்கள்.

கோயிலில். மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசில் உபயக்காரர் பட்டியல் வருஷா வருஷம் அச்சாகும். பழைய கோயில் தலைவர் வீட்டில் ஒரு கட்டு இருக்கும். கல்வெட்டுப் பலகையில் நன்கொடையாளர் பெயரோடு சில சமயம் இந்திய ஊரும் போட்டிருப்பார்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர், ஞானப் பெற்றோர் எல்லாம் வரும்.

இடுகாட்டுக்கு ஒரு காலை வேளையில் அரிவாளோடு போங்கள். சிமெண்டில் விரலால் எழுதிய பெயர்களைச் சாய்வெயிலில்தான் படிக்க முடியும். கல்லறையில் சாக்கட்டி, மாவு எதையும் தேய்க்காதீர்கள்.

பெரியதாத்தா ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) போனவர், திரும்பவில்லை. அவரைத் தேட முடியுமா?

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டு போனார்கள், பெரும் பகுதி திரும்பவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. எனவே சான்றிதழைத் தேடி அலைவதைவிட, திரும்பி வந்தவர்கள் வீட்டில் கேளுங்கள். ஒரே தோட்டத்து ஆட்கள் பல சமயம் சேர்ந்தே போனார்கள். "உங்க பெரியதாத்தா காலராவுல போனாரு, எங்கப்பா கூட இருந்தாரு" என்ற ஒரு வரி இன்னொரு வீட்டில் இருக்கலாம். கிடைத்தால் சொன்னவர் பெயர், நாள், அவருக்கு எப்படித் தெரியும் என்பதோடு எழுதி வையுங்கள். அவர் போன நாளைப் பாட்டி எந்த அமாவாசையில் கும்பிட்டார் என்பதையும் கேளுங்கள்.

சாதியைக் கேட்கலாமா?

சங்கடமான கேள்வி, ஆனாலும் தேடலில் அது குறுக்கே வராமல் இருக்காது. இந்திய ஊரில் எந்தத் தெரு, எந்தக் கோயில் என்பது அதோடு பிணைந்திருக்கிறது. நான் நேராகக் கேட்பதில்லை, "குலதெய்வம் எது, எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்பேன். ஊரைத் தேடுகிறவருக்கு அந்தப் பதில் போதும். கப்பலில் பெயரை மாற்றிக்கொண்டவர்களும், சாதியை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களும், ஊரில் சேர விடாத ஜோடியாகக் கப்பலேறியவர்களும் உண்டு. பெரியவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்டதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் ஐசி எண்ணையும் பிறப்புப் பத்திரத்தையும் கட்டாயம் போடாதீர்கள்.

இணையத்தில் எதைப் பார்க்கலாம்? டிஎன்ஏ சோதனை உதவுமா?

சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை மின்னுருவில் இலவசமாகத் தருகிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆளின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடுங்கள். லாரி விபத்து, வேலைநிறுத்தம், கோர்ட்டு வழக்கு என்று நம்மவர்கள் பத்திரிகையில் வந்த சந்தர்ப்பங்கள் அப்படிப்பட்டவைதான். ஃபேமிலிசர்ச் என்ற தளமும் இலவசம்.

டிஎன்ஏவுக்குக் காசு செலவழிக்க அவசரம் வேண்டாம். நம்மவர்கள் அதில் சேர்ந்தது குறைவு, அதோடு தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொண்டவர்கள் நாம். தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவு மாதிரி காட்டும்.

சித்தப்பா ஒன்று சொல்கிறார், அத்தை வேறொன்று சொல்கிறார். எதை எழுதுவது?

இரண்டையும். யார் சொன்னது, எப்போது, நேரில் பார்த்தாரா கேள்விப்பட்டாரா என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். அதற்குப் பிறகு எது நடந்த காலத்துக்குக் கிட்டே எழுதப்பட்டது, சொன்னவருக்கு மறைக்கக் காரணம் உண்டா என்று யோசியுங்கள். முடிவு எடுத்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று வருஷம் கழித்து உங்களுக்கே மறந்துவிடும். நான் முதலில் வரைந்த பெரிய மரத்தில் எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு குறிப்பும் இல்லை. பாதியை மறுபடி முதலிலிருந்து தேடினேன்.

மென்பொருள் எது என்று கேட்பார்கள். எதுவானாலும் சரி. கொப்பியும் போதும், ஆனால் படம் எடுத்து இன்னொரு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கறையான் தேதி பார்த்து வராது.

1969இல் இந்தியாவுக்குத் திரும்பிப்போன உறவுகளை எப்படிப் பிடிப்பது?

குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல குடும்பங்கள் கப்பலேறின. அண்ணன் இங்கே நீல ஐசி (குடியுரிமை உள்ளவர்), தம்பி சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்) என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. அவர்கள் கொண்டு போன படங்கள் இன்னும் அங்கே பெட்டியில் இருக்கும். ஊரில் "மலேயாக்காரர் வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும்.

ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன், போகப்போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

பட்டா, சிட்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கச் சொல்வார்கள். தாத்தாவுக்கு நிலம் இருந்திருந்தால் சரி. நிலம் இருந்தவர்கள் கப்பலேறியது குறைவு. அதனால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

தாத்தா பாட்டி படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டு போங்கள், கைப்பேசித் திரையில் காட்டினால் கிழவர்களுக்குக் கண் தெரியாது. தாத்தாவின் தகப்பன் பெயர், கூடப் பிறந்தவர்கள் பெயர், கங்காணி பெயர் மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொத்துக் கேட்டு வரவில்லை என்பதை முதல் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுங்கள். அது தெரியும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முசிறிப் பக்கத்துப் புதூரில் நான் படம், தாள், மரம் எல்லாவற்றையும் டீக்கடை பெஞ்சில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு பெரியவர் வந்தார், எதையும் பார்க்கவில்லை. "நீங்க எந்தச் சாமி கும்புடுற பங்காளி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, வீடு இந்தப் பக்கம்" என்று முன்னால் நடந்தார்.